எத்தினை நிமிசம் பிடிக்கும்?

"வருத்தம் மாறீட்டுது எண்டு டொக்டர் சொல்லுறார், மிஸ். ஆனா ஆள் இன்னும் வந்து சேரேல்லை."

சுருவிலில் ஒரு வீட்டு விறாந்தையில், கருவாடு காயப்போட்ட சாக்கை உதறி மடித்துக்கொண்டே அந்தப் பெண் இதைச் சொன்னார். கணவர் முற்றத்து வேம்பின் கீழ் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசி நாலு கண்ணி ஓடும், பிறகு நிற்கும். எந்த இடத்தில் விட்டேன் என்று விரலால் தடவித் தேடுவார். மறுபடி தொடங்குவார், மறுபடி நிற்பார். இருட்டில்கூட வலை பொத்துவார் என்று ஊருக்குள் பேர் எடுத்த மனிதர். இப்போது அழுகை இல்லை, பிதற்றல் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். இரவில் நித்திரை கொள்கிறார். கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஒரு வருசமாக எல்லாம் சுகம் என்றுதான் இருந்தது.

இந்தக் கட்டுரையில் வருகிற ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு பேரை ஒருவராக்கியும் இருக்கிறேன். தீவுக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். இந்தப் பெயரால் தீவுப்பகுதியில் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கே தொழில் என்றால் கடல். 'தொழிலுக்குப் போட்டார்' என்றால் வள்ளத்தில் போய்விட்டார் என்று அர்த்தம். சண்டை முடிந்த பிறகு வலையும் எஞ்சினும் கொடுக்கிற நிறுவனங்கள் வந்து போன இடமாகையால், 'தொழில் மிஸ் வந்திருக்கிறா' என்ற கதை பரவி, முதல் நாளே நாலு பேர் அடையாள அட்டைப் பிரதியோடு வந்து நின்றார்கள். என்னிடம் இருந்ததோ கனடாவில் இருக்கும் அக்காவின் மகள் பாவித்துக் கழித்த ஒரு மடிகணினி. பற்றறி அரை மணித்தியாலம் தாங்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி வருகிற ஊர்காவற்றுறை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து, நாரந்தனையில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் விட்டிருக்கும் சைக்கிளை எடுப்பேன். கரியரில் கணினி, பழைய சீலையால் சுற்றி, அதற்கு மேல் மழைக்கோட்டு. உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊரில் அது அத்தனை வருசம் உழைத்ததே பெரிய விசயம்.

வலை பொத்திய அந்தத் தம்பிக்கு வந்தது இருதுருவ மனநிலை நோய். அவர் அதற்குத் தன் பாசையில் பேர் வைத்திருந்தார்: பெருக்கு, வத்து. பெருக்கு வந்தபோது ஐந்து நாள் நித்திரை இல்லை. கடன் பட்டு இரண்டு எஞ்சினுக்கு முற்பணம் கட்டினார். நடுச்சாமத்தில் குறிகட்டுவான் பக்கம் நடக்கத் தொடங்கி, நயினாதீவுக்குப் பாலம் போடப்போகிறேன், ஆட்களைத் திரட்டுங்கோ என்று வீடு வீடாகத் தட்டியிருக்கிறார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு வத்து. ஐந்து மாதம் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அதுவும் கழிந்தது. இரண்டும் கழிந்த பிறகு மிச்சமாக இருந்ததைத்தான் மனைவி 'ஆள் வந்து சேரேல்லை' என்றார்.

அந்த மிச்சத்துக்கு மருத்துவ உலகமும் நெடுங்காலம் பெயர் வைக்கவில்லை. ஜெர்மனியில் எமில் கிரேப்லின் 1899 இல் பெரிய மனநோய்களை இரண்டு கூறாகப் பிரித்தார். ஒன்று அறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பது, மற்றது வந்து வந்து போவது. எங்கள் நோய் இரண்டாவது கூறில் விழுந்தது. வந்து போவதுதானே, போன பிறகு மனிதர் பழையபடி முழுசு என்று நெடுங்காலம் பெரும்பாலானோர் நம்பியிருந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்சிலோனாவில் அனபெல் மார்ட்டினெஸ்-அரானும் எடுவார்ட் வியெட்டாவும் அவர்களின் குழுவும் நோய் அடங்கியிருக்கும் காலத்திலேயே ஆட்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கேட்ட சொற்களை நினைவில் வைத்திருப்பது, கவனத்தைப் பிடித்து வைத்திருப்பது, ஒரு வேலையைக் கூறு போட்டுத் திட்டமிடுவது எல்லாமே பலருக்கு மந்தமாக இருந்தன. 2004 இல் வெளிவந்த அவர்களின் கட்டுரைக்குப் பிறகு 'சுகமாகிவிட்டார்' என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத் தொடங்கியது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் சொல்லவேணும். நோய் வந்து போய், முன்னைவிடக் கூர்மையாகக் கணக்குப் பார்க்கிற கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு மறைப்பும் இருந்தது. மனம் பற்றி இங்கே எழுதப்பட்டதில் பெரும்பகுதி போரைப் பற்றியது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இங்கே இருந்து வைத்தியம் பார்த்து எழுதிய நூல்களில்தான் எங்கள் தலைமுறை பாடம் படித்தது. அந்தக் கடன் தீராது. ஆனால் அதன் நிழலில் ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. யாருக்கு என்ன வந்தாலும் 'சண்டையால வந்தது' என்று முடித்துவிடுவோம். 1990, 91 இல் இந்தத் தீவே இடம்பெயர்ந்தது. குடும்பங்கள் சிதறின. நோயைக் கிளறிவிட அது காணும். ஆனால் இந்த நோய் எங்கள் சண்டையைக் கேள்விப்படாத நாடுகளிலும் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4 கோடிப் பேருக்கு. பரம்பரைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. இந்தத் தம்பியின் பெரியப்பா ஒருவர் சண்டைக்கு வெகுகாலம் முந்தியே 'ஒரு மாதிரியான ஆள்' என்று பெயர் எடுத்தவர்.

தலை மந்தமாக இருக்குது என்று ஒருவர் சொன்னவுடன் கணினியைத் திறக்கக்கூடாது. நான் இதைத் தாமதமாகத்தான் கற்றேன். முதலில் மருந்தைப் பார்க்கவேணும். அவர் போட்டுக்கொண்டிருந்தது லிதியம். 1949 இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் பித்துநிலைக்குப் பயன்படும் என்று கண்டு சொன்ன ஒரு சாதாரண உப்பு. உடம்பு அதையும் கறியுப்பையும் ஏறத்தாழ ஒரே கணக்கில் வைத்திருக்கிறது. வியர்த்து, தண்ணியும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லிதியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அளவு ஏறிவிடும். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், தலை வேலை செய்யாது. குறைவாக ஏறினால் மந்தம் மட்டும் தெரியும்.

"கடலுக்கு எத்தினை போத்தல் தண்ணி கொண்டு போறனீங்கள்?"

"ஒண்டு, மிஸ்."

"சின்னப் போத்தலோ, பெரிசோ?"

"சின்னன்."

கிணற்றுத் தண்ணி உவர், குடிக்கிற தண்ணி பவுசரில் வருவது என்ற ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணியைச் சிக்கனமாகக் குடிப்பது நல்ல பழக்கம். லிதியம் போடுகிறவருக்கு அதுவே கெடுதி. போதாக்குறைக்கு, வலை இழுத்த இடுப்புநோவுக்கு அவர் பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் லிதியத்தின் அளவை ஏற்றிவிடும். யாருக்கும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கடைசி மாத்திரை போட்டுப் 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்கவேணும் என்பதும் அவருக்குத் தெரியாது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு நேரே போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எல்லாவற்றையும் எழுதி டொக்டருக்குக் கொடுத்தேன். தைரொயிட்டும் பார்த்தார்கள், லிதியம் நெடுநாள் போட்டால் அது குறையலாம், குறைந்தாலும் மந்தம்தான். இந்தச் சில்லறை விசயங்களைச் சீர் பண்ணியதிலேயே ஒரு பங்கு மந்தம் விலகியது. மிச்சம் நின்றது. அதற்குத்தான் என் பழைய கணினி.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கிளேர் ரீடரும் டில் வைக்ஸும் சேர்ந்து 'சர்க்கிட்ஸ்' என்றொரு கணினி நிரல் செய்திருக்கிறார்கள். முதலில் மனச்சிதைவு நோய்க்காரருக்காக உருவானது. பிறகு அதே கல்லூரியில் இருதுருவ நோய்க்காரர் 60 பேரோடு, 12 கிழமைப் பயிற்சியாகச் சோதித்து 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். சின்ன ஆய்வுதான்; ஆனால் நம்பிக்கை தந்தது. அந்த நிரலில் திரைக்குள் ஒரு கிராமம் இருக்கிறது. கடை, வீடு என்று போய்ப் போய்ப் பயிற்சி செய்யவேணும். நாங்கள் அந்த நிரலைக் கொண்டுவரவில்லை. அதன் முறையை வாசித்தோம். கணினி படித்த மருமகன் ஒருவன் உட்கார்ந்து தமிழில் எங்களுக்கென்று பயிற்சிகள் செய்து தந்தான்: சங்கக்கடையில் வாங்கவேண்டிய சாமான் பட்டியல், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்கி காரைநகருக்குப் போகிற பாதையைப் பிடிப்பது, ஆறு வீட்டில் எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம். வெளியூர்க்காரருக்காக: பாதை என்றால் எங்களுக்கு றோட்டு மட்டுமல்ல, ஊர்காவற்றுறையில் இருந்து கடலைக் கடக்கும் மிதவையும்தான்.

அந்தத் திரைக் கிராமத்தை முதன்முதலில் பார்த்த தம்பி கனநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதில எல்லா வீட்டிலயும் லைற் எரியுது மிஸ். இது எங்கட ஊர் இல்லையே."

உண்மைதான். சுருவிலில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை வளவில் கூரையே இல்லை என்று அவருக்குக் கணக்குத் தெரியும். சனம் சுவிசிலும் பிரான்சிலும் கனடாவிலும். மருமகன் மூன்று வீட்டில் லைற்றை அணைத்துவிட்டான். அதன் பிறகு அவருக்குக் கடிதம் கொடுக்கிற பயிற்சி சுலபமாகிவிட்டது. ஆளில்லாத வீடுகளை விட்டுவிடலாமே.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். தொடக்கத்தில் இதை விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். கூடப் புள்ளி எடுத்தால் மூளை கூட வேலை செய்கிறது என்ற நினைப்பு. சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துச் சோடி தேடுகிற பயிற்சி ஒன்றை, உயர்தரப் பரீட்சை இரண்டாம் முறை எடுக்கப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனின் போனில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவன் காட்டிய புள்ளியைப் பார்த்துக் கை தட்டினேன். அதற்கடுத்த கிழமை அதைவிட இரண்டு மடங்கு. தாய் வாசலில் வந்து, "ராவு முழுக்க உங்கட பாடம்தான் படிக்கிறான் மிஸ்" என்று சந்தோசமாகச் சொன்னா. அந்தச் சந்தோசத்தில் நானும் பங்கு எடுத்தேன். இருதுருவ நோய்க்காரர் பலருக்கு நித்திரை குறைவதுதான் பெருக்கின் முதல் அடையாளம். சிலருக்கு அதுவே பெருக்கைக் கொண்டுவரும் காரணமும். இதை எனக்கு ஒரு பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். கண்ணுக்கு முன்னால் நின்றபோது தெரியவில்லை. நாலாம் நாள் அவனை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு புள்ளி காட்டுகிற இடத்தை மருமகனைக் கொண்டு அழித்துவிட்டேன். விளக்கு வைத்த பிறகு பயிற்சி இல்லை. ஒருமுறைக்கு 40 நிமிசம், அதற்கு மேல் இல்லை. போனில் இல்லவே இல்லை. பையன் சுகமாகி வந்து கொழும்பில் வேலை பார்க்கிறான். என்னைக் கண்டால் சிரிப்பான். எனக்குத்தான் அவன் முகத்தை நேரே பார்க்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

புள்ளியை அழித்த பிறகுதான் இந்தச் சிகிச்சையின் உள்ளுடன் எனக்குப் பிடிபட்டது. லண்டன் முறையில் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் சில கேள்விகள் உண்டு: இது எவ்வளவு கஷ்டமாக இருக்கும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்? எந்த உத்தியால் செய்யப்போகிறீர்கள்? முடிந்த பிறகு திரும்பவும்: எவ்வளவு கஷ்டமாக இருந்தது? எவ்வளவு நேரம் பிடித்தது? அந்த உத்தி உதவியதா? தொடக்கத்தில் இதைச் சம்பிரதாயம் என்று நினைத்து, அவசரமாகக் கேட்டுவிட்டுத் தாண்டிப் போவேன். ஆனால் மனச்சிதைவு நோய்க்காரருக்கான 40 ஆய்வுகளைச் சேர்த்து டில் வைக்ஸ் குழு 2011 இல் பார்த்தபோது, உத்தி சொல்லிக்கொடுத்து, புனர்வாழ்வு வேலையோடும் சேர்த்துச் செய்த இடங்களில்தான் வாழ்க்கையில் கூடுதல் பலன் தெரிந்தது. வெறுமே திரையில் தட்டிப் பழகினால் திரையில் தட்டத்தான் பழகும்.

தம்பிக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். நடுவில் கோடு. இடப்பக்கம் முன்கணக்கு, வலப்பக்கம் பின்கணக்கு. பத்துச் சாமான் பட்டியல், எத்தினை நிமிசம்? "அஞ்சு" என்றார். பதினாலு பிடித்தது. எப்படி நினைவில் வைத்தீர்கள்? "சும்மா பாத்தன்." அடுத்த முறை கேட்டேன், கடலில் வலை போட்ட இடத்தை எப்படி நினைவு வைப்பீர்கள்? "கோயில் கோபுரமும் அந்தத் தனிப்பனையும் ஒரு நேரில வந்தா, அதுதான் இடம்." சரி, இந்தப் பட்டியலிலும் இரண்டு இரண்டாக ஒரு நேரில் கொண்டுவாங்கோ. பருப்போடு புளி, தேங்காயோடு மிளகாய். அன்றைக்கு ஒன்பது நிமிசம், பிழை ஒன்றே ஒன்று. புத்தகத்தில் இதற்குத் தொகுத்தல் என்று பெயர். அவர் 'நேர் பிடிக்கிறது' என்று எழுதினார். அந்தப் பெயர்தான் பிறகு என்னிடம் வந்த எல்லாருக்கும்.

அதே நாட்களில் வந்த இன்னொருவர், முன்பு சங்கக்கடையில் கணக்கெழுதிய அக்கா. அவருக்கு வந்தது பெரும்பாலும் வத்து. எந்தப் பயிற்சியை வைத்தாலும், "எனக்கு ஏலாது பிள்ளை. ஒரு மணித்தியாலம் போடு." ஆறு நிமிசத்தில் முடிப்பார். பிழையே இராது. முடித்த பிறகும், "இது லேசா இருந்திருக்கும், அதுதான்" என்பார். பன்னிரண்டு கிழமையில் அந்தக் கொப்பியின் இடப்பக்கம் அறுபதில் இருந்து நாற்பது, இருபது என்று இறங்கியது. வலப்பக்கம் தொடக்கத்தில் இருந்தே ஆறு, ஏழு. சோதித்துப் பார்த்தால் அவருடைய நினைவு முன்னேறியது என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் பத்தாம் கிழமை, பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அலுவலாகத் தனியே பிரதேச செயலகத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு மேசைக்கும் மறு மேசைக்குமாக அலைக்கழித்ததைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்தக் கோபம் தேன்.

ஸ்பெயினில் 10 நிலையங்களில் 239 பேரோடு நடந்து 2013 இல் வெளிவந்த ஆய்விலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம், 21 கிழமை. கணினிப் பயிற்சி அல்ல. அன்றாட வாழ்க்கையை வைத்துக் குழுவாகச் செய்தது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் வாழ்க்கையை நடத்துவதில் முன்னேறினார்கள். அறிவுச் சோதனைப் புள்ளிகளில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. ஆராய்ச்சிக்காரர் சிலருக்கு இது குழப்பம். அக்காவைப் பார்த்த எனக்குக் குழப்பமில்லை. அவருடைய தலைக்குள் பழுதாகியிருந்தது கடிகாரமல்ல, கடிகாரத்தைப் பற்றி அவர் வைத்திருந்த கணக்கு.

அப்படி இரண்டு கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. பெருக்குக்காரர் எப்போதும் குறைத்துச் சொல்கிறார்: அஞ்சு நிமிசம், லேசு, இப்ப முடிச்சுத் தாறன். வத்துக்காரர் எப்போதும் கூட்டிச் சொல்கிறார். நயினாதீவுக்குப் பாலம் போடுவதும் ஒருவகை முன்கணக்குத்தானே! அப்படியானால் இந்தக் கொப்பி பயிற்சிக் கொப்பி மட்டுமல்ல. முன்கணக்குக்கும் பின்கணக்குக்கும் உள்ள இடைவெளி எந்தப் பக்கம் விரிகிறது என்று பார்த்தால், மனநிலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். இதை எந்த ஆய்விலும் படித்து நான் சொல்லவில்லை. சில கொப்பிகளைப் பார்த்த ஒருத்தியின் எண்ணம், அவ்வளவுதான். ஆனால் 'மனம் எப்பிடி இருக்குது?' என்று கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லாருமே 'பரவாயில்லை' என்பார்கள். 'எத்தினை நிமிசம் பிடிக்கும்?' என்று கேட்டால் பொய் சொல்லத் தெரியாது.

2022 வந்தது, கூடவே நாட்டின் பொருளாதார நெருக்கடியும். மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பஸ் வந்தால் வரும். மருந்துக்கும் தட்டுப்பாடு, சீட்டோடு பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினோம். மடிகணினி அலுமாரிக்குள் போனது. அதே வருசம் கடைசியில் அதன் திரை ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. வேறு ஒன்று கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று பிரதியில் விண்ணப்பம் கொடுத்தேன். பதில் வந்தது: விண்ணப்பம் கிடைத்தது என்று.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் சோபினி ராவும் அவருடைய மாணவர்களும் காகிதம், பென்சில், வீட்டுச் சாமான் இவற்றை வைத்தே பயிற்சி வகுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். அதில் ஒன்று கலந்த தானியங்களைப் பிரிப்பது. கணினி இருந்த காலத்தில் அதை ஏழைகளின் வழி என்று கொஞ்சம் இளக்காரமாக நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது சுளகை எடுத்தேன். பயறு, உளுந்து, கௌபி மூன்றையும் ஒரு பேணி அளவு கலந்து, எத்தினை நிமிசம் பிடிக்கும்? அக்கா சிரித்துவிட்டார். "கல்லுப் பொறுக்கிற வேலைக்கோ பிள்ளை இவ்வளவு படிச்சனீ?"

சுளகுக்கு அடுத்தது அடுப்பு. ஒடியற் கூழ் காய்ச்சுவதைவிடத் திட்டமிடலுக்கு நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது. ஒடியல் மாவை முன்கூட்டியே ஊறவைத்துத் தண்ணியை இறுத்துக் காறல் எடுக்கவேணும். அரிசியும் பலாக்கொட்டையும் முதலில் போகவேணும். மரவள்ளி, பயிற்றங்காய் அடுத்து. மீன் தலை, நண்டு, றால் அதற்குப் பிறகு. செத்தல் மிளகாயும் புளியும் கரைத்த மாவு கடைசியில். ஒன்றை மறந்து முந்தினாலும் பிந்தினாலும் நாக்கே புள்ளி போட்டுவிடும். தம்பி முன்கணக்கு ஒரு மணித்தியாலம் என்று எழுதினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சொல்லிக் கொடுக்கக்கூடாது என்று நான் கட்டளை போட்டிருந்தேன். இரண்டே கால் மணித்தியாலம் எடுத்தது. மாவை ஊறப்போட மறந்துவிட்டார். பலாவிலையைக் கோலி முதல் வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்து, கொப்பியை எடுத்து வலப்பக்கத்தில் 'மா காறுது' என்று எழுதினார். மூன்றாம் முறை காய்ச்சியபோது அயலுக்கும் கொடுத்தோம்.

பன்னிரண்டு கிழமைக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அவர் தொழிலுக்குப் போகிறார். கடலுக்குப் பெரிய போத்தல் இரண்டு போகிறது. கொப்பி எழுதுவதை விட்டுவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்ப்பேன்.

போன சோளகக் காலத்தில் ஒரு புதன்கிழமை காலையில் அவருடைய மனைவியிடம் இருந்து போன் வந்தது.

"மிஸ், நான் ஒண்டு சொல்லுவன், பேசக்கூடாது. இவர் எழுதிறதை விட்ட பிறகு நான் கலண்டரில எழுதிக்கொண்டு வாறன்."

அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற கடைக் கலண்டர். ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் இரண்டு எண். இன்றைக்கு எத்தனை கண்ணி பொத்துவேன் என்று காலையில் அவர் வாய்விட்டுச் சொல்வது ஒன்று, பின்னேரம் எத்தனை பொத்தியிருந்தார் என்பது மற்றது. கணவருக்குத் தெரியாது.

"ஞாயிறு நாப்பது எண்டார், முப்பத்தாறு. திங்கள் எண்பது எண்டார், முப்பத்தைஞ்சு. நேற்று இருநூறு எண்டவர், மிஸ். இருபத்திரண்டு. ராவு மூண்டு மணிக்கு எழும்பி வலையைப் பிரிக்கிறார்."

"கதை எப்பிடி?"

"நல்ல பகிடியாத்தான் கதைக்கிறார். அதுதான் பயமாக் கிடக்குது."

அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். கணவர் முரண்டு பிடித்திருக்கிறார். கலண்டரைக் கழற்றி முன்னால் வைத்தாவாம். அவர் கனநேரம் பார்த்துவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாராம். இரத்தம் பார்த்தார்கள், மருந்தைக் கூட்டினார்கள், நித்திரைக்கு ஒன்று கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டி வரவில்லை.

மூன்று கிழமை கழித்து நான் போனபோது அவர் வேம்பின் கீழே இருந்தார். என்னைக் கண்டதும் மனைவி உள்ளே போய்க் கலண்டரைக் கொண்டுவந்து காட்டினார். முந்தின நாள் கட்டத்தில் முப்பது, இருபத்தெட்டு. அன்றைய கட்டத்தில் ஒரு எண்தான், முப்பத்தைந்து. எழுத்து அவருடையது அல்ல, கணவருடையது. பின்னேர எண்ணுக்கு இன்னும் நேரம் இருந்தது.